குக்கர் விசிலும் இருபத்தைந்தாம் நாளும்

நீங்கள் கேட்டது இது: "மாதவிலக்குக்கு முந்தைய ஒரு வாரம் குக்கர் விசில் அடித்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. ஃபேன் கிரீச்சிடுவது, பக்கத்து வீட்டு டிவி, தெருவில் ஹார்ன் என்று எல்லாம் காதைக் குடைகின்றன. பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் தானாகச் சரியாகிவிடுகிறது. வீட்டில் சொன்னால் 'எல்லாம் உன் மனசுதான்' என்கிறார்கள். ஹார்மோன் அதிகமாகிவிட்டதா, டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?"

மனப்பிரமை இல்லை. இதே விஷயத்தைக் கண்ணுக்குக் கீழே எலக்ட்ரோடு ஒட்டி அளந்து பார்த்திருக்கிறார்கள், மாதத்தின் எந்த வாரம் என்பதைப் பொறுத்து எண்கள் மாறத்தான் செய்கின்றன. ஆனால் டெஸ்டுக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். உங்களைப் போன்றவர்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பெரும்பாலும் மற்றவர்களுடையதைப் போலத்தான் இருக்கும். அப்புறம் ஏன் தூக்கிவாரிப் போடுகிறது என்றால், அதற்குத்தான் இந்த நீளமான பதில்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குக்கர் விசிலுக்குத் துள்ளுவது ஒன்று. ஃபேன் சத்தத்தைக் காதிலிருந்து விலக்க முடியாமல் போவது வேறொன்று. இரண்டையும் சேர்த்து 'சத்தம் தாங்கவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். மூளைக்குள் இவற்றுக்குத் தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன.

துள்ளலை எடுத்துக்கொள்வோம். திடீரென்று பெரிய சத்தம் கேட்டதும் கண் இறுக மூடும், தலை முன்னால் இழுபடும், தோள் உயரும், முழங்கை மடங்கும். 1930களில் கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்து, எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கிறது என்று காட்டினார்கள். முதலில் வருவதும் கடைசிவரை மறையாமல் இருப்பதும் கண் சிமிட்டல்தான். அதனால்தான் இன்றும் ஆய்வகத்தில் கண்ணிமைக்குக் கீழே உள்ள வட்டத் தசையில் இரண்டு சின்ன எலக்ட்ரோடுகளை ஒட்டி, அந்தத் தசை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். சத்தம் காதில் விழுந்து 30 முதல் 50 மில்லிசெகண்டுக்குள் தசை இழுத்துவிடும். ஒரு செகண்டில் இருபதில் ஒரு பங்கு. 'ஐயோ, என்ன சத்தம்' என்று நீங்கள் நினைப்பதற்கு வெகு முன்னால் உடம்பு வேலையை முடித்துவிடுகிறது.

இவ்வளவு வேகம் எப்படி வருகிறது என்றால், பாதை மிகவும் குட்டை. 1982-இல் மைக்கேல் டேவிஸ் குழு எலிகளில் இதைத் தேடிக் கண்டுபிடித்தது. காது நரம்பிலிருந்து மூளைத்தண்டில் 'பான்ஸ்' என்ற பகுதிக்குப் போகிறது. அங்கே உள்ள பெரிய பெரிய நரம்பணுக்கள் செய்தியை வாங்கி நேராகத் தண்டுவடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. எலியின் பின்னங்கால் தசை 8 மில்லிசெகண்டில் அசைந்துவிடுகிறது. பெருமூளையைக் கேட்டு அனுமதி வாங்கும் வேலையே கிடையாது. நான் உடலியங்கியல் படித்த காலத்தில், கண்ணுக்குக் கீழே எலக்ட்ரோடு ஒட்டித் துள்ளலை அளக்கும் அந்த ஆய்வக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த சத்தம் வரப்போகிறது என்று தெரியும், அது ஹெட்ஃபோனில் வரும் வெறும் இரைச்சல், ஒன்றும் செய்யாது என்றும் தெரியும். இமைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இமைத்தேன். 'மனசை அடக்கு' என்று அறிவுரை சொல்பவர்களை அந்த நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார வைக்க வேண்டும் என்று அன்றே தோன்றியது.

ஆனால் குட்டைப் பாதை என்றால் கட்டுப்பாடே இல்லாத பாதை என்று பொருளில்லை. மேலே இருந்து அந்தப் பெரிய நரம்பணுக்களின் காதைத் திருகுகிறவர்கள் உண்டு. அச்சத்தைக் கையாளும் அமிக்டலா துள்ளலைக் கூட்டும். இருட்டில் தனியாக நடக்கும்போது இலை விழுந்தாலும் துள்ளுகிறோமே, அது அமிக்டலாவின் கைவரிசை. குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

பெரிய சத்தத்துக்குச் சற்று முன்னால், ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் முன்னால், மிக மெல்லிய ஒரு 'டிக்' கொடுத்துப் பாருங்கள். அந்த டிக்குக்கு நீங்கள் துள்ள மாட்டீர்கள், சில சமயம் அது கேட்டதாகக்கூடத் தெரியாது. ஆனால் அடுத்து வரும் பெரிய சத்தத்துக்கான துள்ளல் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்துபோகும். இதற்கு ப்ரீபல்ஸ் இன்ஹிபிஷன் என்று பெயர், ஆய்வாளர்கள் பிபிஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் முன்னொலித் தணிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். விளக்கம் இப்படி: அந்த மெல்லிய ஒலியை மூளை படித்துக்கொண்டிருக்கிறது, படித்து முடிக்கும்வரை வேறு எதுவும் உள்ளே பாய்ந்து கெடுக்காதபடி வாசலைக் கொஞ்ச நேரம் சாத்திவைக்கிறது. வாசலைச் சாத்துவது நடுமூளையிலிருந்து வரும் ஒரு சங்கிலி. எவ்வளவு இறுக்கிச் சாத்த வேண்டும் என்பதில் முன்மூளைப் புறணி, நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ், டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைக் கொண்டு பேசும் அடிமூளைச் சுற்றுகள் எல்லாம் கை வைக்கின்றன. எலிக்கு டோபமைனைத் தூண்டும் மருந்தைக் கொடுத்தால் இந்தத் தணிப்பு கெட்டுப்போகிறது. 1978-இல் டேவிட் பிராஃப் குழு, ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களிடம் இந்தத் தணிப்பு குறைவாக இருப்பதைக் காட்டிய பிறகுதான் மனநல ஆய்வாளர்கள் எல்லோரும் எலக்ட்ரோடும் கையுமாக இறங்கினார்கள்.

இங்கே குக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. விசிலுக்கு முன்னால் 'உஸ்ஸ்' என்று ஆவி சீறுகிறதே, அது முன்னொலி ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. முன்னொலி வேலை செய்வது சுமார் அரை செகண்டுக்குள்தான். முன்னறிவிப்பு அதைவிட நீண்டு, ஒரு செகண்டு இரண்டு செகண்டு என்று இழுத்தால், காரியம் தலைகீழாகி, துள்ளல் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யும். இதை 1975-இல் ஃபிரான்சிஸ் கிரஹாம் தெளிவாக எழுதிவைத்தார். இதோ வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர் அதிகம் துள்ளுகிறார். மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க எண்ணிக்கொண்டு நிற்பவர் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கிறார். இந்தக் காத்திருப்பு விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இனி ஹார்மோன். 1993-இல் சான் டியாகோவில் நீல் ஸ்வெர்ட்லோ குழு, மெல்லிய முன்னொலியால் ஆண்களின் துள்ளல் குறைகிற அளவுக்குப் பெண்களின் துள்ளல் குறைவதில்லை என்று கண்டது. அதுவரை பெரும்பாலான ஆய்வுகள் ஆண்களை வைத்தோ, ஆண் பெண் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டோ நடந்தவை. இந்தத் தணிப்பை மூளையின் வடிகட்டி என்றும் சொல்வதுண்டு; 'பெண்களின் வடிகட்டி பலவீனம்' என்று இதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் தப்பாகியிருக்கும். நல்லவேளை, அதே குழு 1997-இல் பெண்களை மாதச் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தது. முதல் பாதியில் இருந்த பெண்களின் தணிப்பு ஆண்களுடையதைப் போலவே இருந்தது. இரண்டாம் பாதியில் இருந்தவர்களிடம்தான் குறைவு. ஆண் பெண் வித்தியாசம் என்று நினைத்ததில் பெரும்பங்கு நாள்காட்டி வித்தியாசம்! 2004-இல் டான்யா யோவானோவிச் குழுவின் ஆய்வும் இதையே சொன்னது. மாதத்தின் பிற்பாதியில் தணிப்பு குறைகிறது.

பிற்பாதி என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வோம், ஏனென்றால் பலரும் ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன், புரோஜெஸ்டிரோன் கர்ப்ப ஹார்மோன் என்று நிறுத்திவிடுகிறார்கள். 28 நாள் சுழற்சியில் முதல் சில நாள் இரண்டுமே தரைமட்டத்தில் இருக்கும். பிறகு ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஏறி, கருமுட்டை வெளியாவதற்குச் சற்று முன்னால் உச்சத்தைத் தொட்டுச் சட்டென்று இறங்கும். அதற்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் ஏற ஆரம்பிக்கும். முற்பாதியில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே கிடந்தது, பிற்பாதியின் நடுவில் 5, 10, சிலருக்கு 20 வரை போகும். ஈஸ்ட்ரோஜனும் இன்னொரு சின்ன மேடு ஏறும். கரு தங்கவில்லை என்றால் கடைசி நாலைந்து நாளில் இரண்டும் சரிந்து விழும். நீங்கள் குக்கருக்குத் துள்ளுவது மேட்டின் மேலே அல்ல, சரிவில். தலைப்பில் இருபத்தைந்தாம் நாள் என்று போட்டது அதனால்தான்.

வடிகட்டி ஏன் பிற்பாதியில் தளர்கிறது? இங்கே வந்ததும் பாதை கொஞ்சம் கரடுமுரடாகிறது. எளிய பதில், ஈஸ்ட்ரோஜன் டோபமைனோடு விளையாடுகிறது, டோபமைன் கூடினால் தணிப்பு கெடும், அவ்வளவுதான் என்பது. எலிகள் இதை ஓரளவு ஆமோதிக்கின்றன. நான்கைந்து நாளில் முடியும் அவற்றின் சுழற்சியில், ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும் நாளில் தணிப்பு குறைவு என்று 1998-இல் மைக்கேல் கோக் காட்டினார். கர்ப்பிணிகளும் இதற்குச் சாட்சி போலத்தான் நிற்கிறார்கள். ஸ்வீடனில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், நிறைமாதத்தை நெருங்கிய பெண்களின் தணிப்பு, பிரசவம் முடிந்த பெண்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. கர்ப்பத்தின் கடைசியில் புரோஜெஸ்டிரோன் நூறு நானோகிராமைத் தாண்டி நிற்கும், ஈஸ்ட்ரோஜனும் மலைபோல் இருக்கும், பிள்ளை பிறந்த சில நாளில் எல்லாம் காலி.

ஆனால் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. மெல்போர்னில் ஒரு குழு, செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் வழியாகத் தணிப்பைக் கெடுக்கும் பஸ்பிரோன் என்ற மருந்தைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. முன்கூட்டியே ஈஸ்ட்ரோஜன் கொடுக்கப்பட்டிருந்தால் கெடுதல் நடக்கவில்லை. அதாவது இங்கே ஈஸ்ட்ரோஜன் காவல்காரன். லண்டனில் வீணா குமாரி குழு 2010-இல் இன்னொரு திருப்பத்தைச் சேர்த்தது. முற்பாதியிலிருந்து பிற்பாதிக்குப் போகும்போது எந்தப் பெண்ணுக்குப் புரோஜெஸ்டிரோன் அதிகம் ஏறியதோ, அவருடைய தணிப்பு குறைவாகவே சரிந்தது. புரோஜெஸ்டிரோன் குற்றவாளி இல்லை, முட்டுக்கொடுக்கிற ஆள் என்று ஆகிறது.

இதை எல்லாம் வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். எனக்குத் தோன்றுவது இதுதான்: 'எந்த ஹார்மோன் நல்லது, எந்த ஹார்மோன் கெட்டது' என்ற கேள்வியே சரியில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக ஏறுகிறது இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கத்துக்கு அந்த மூளை எப்படி இசைந்து கொடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இது வெறும் என் ஊகம் இல்லை. இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு, அதற்கு முன்னால் புரோஜெஸ்டிரோனின் பிள்ளை ஒன்றை அறிமுகப்படுத்த வேண்டும்.

அலோபிரெக்னனலோன். பெயர்தான் வாயில் நுழையாது, ஆள் ரொம்பச் சாது. புரோஜெஸ்டிரோன் உடம்பில் உடைந்து இதுவாக மாறுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனம் வந்து ஒட்டும் இடங்களான காபா ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அவற்றை இன்னும் நன்றாக வேலை செய்ய வைக்கிறது. தூக்க மாத்திரைகள், மது எல்லாம் தட்டுகிற அதே கதவு. டேவிஸின் ஆய்வகத்தோடு சேர்ந்து டோனா டூஃபெக்சிஸ் 2004-இல் வெளியிட்ட எலி ஆய்வில், மன அழுத்த ரசாயனத்தை மூளைக்குள் செலுத்தித் துள்ளலைக் கூட்டினார்கள். புரோஜெஸ்டிரோன் பெற்ற பெண் எலிகளில் அந்தக் கூடுதல் மட்டுப்பட்டது, அதைச் செய்தது அலோபிரெக்னனலோன்தான். ஆக, பிற்பாதியின் நடுவில் மூளைக்கு உள்ளிருந்தே ஒரு மெல்லிய அமைதி மருந்து கிடைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, அமைதி மருந்தைப் பத்து நாள் கொடுத்துவிட்டு நாலு நாளில் பிடுங்கிவிட்டால்? நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியும்: படபடப்பு, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் துள்ளல். ஷெரில் ஸ்மித் குழு 1998-இல் எலிகளில் காட்டியது இதன் மூலக்கூறு அளவு நகல். புரோஜெஸ்டிரோனைக் கொடுத்துச் சட்டென்று நிறுத்தியதும், காபா ஏற்பியில் ஆல்ஃபா-4 என்ற துண்டின் அளவு கூடி, ஏற்பியின் குணமே மாறியது. அந்தத் துண்டு கூடாமல் தடுத்துவிட்டால் விலகல் அறிகுறியும், அதாவது நிறுத்தியதால் வரும் தொந்தரவும், வரவில்லை. மாதக் கடைசியில் உங்களுக்கு நடப்பது சின்ன அளவில் இதுபோன்ற ஒரு விலகலாக இருக்கலாம் என்பது பலருக்கும் பிடித்தமான விளக்கம். எனக்கும் பிடித்தமானதுதான், ஆனால் முழுக்க நம்பிவிடவும் முடியவில்லை. அதே ஸ்வீடன் குழு அலோபிரெக்னனலோனைப் பெண்களின் நரம்பில் நேராகச் செலுத்திப் பார்த்தது. துள்ளலிலும் மாற்றமில்லை, தணிப்பிலும் மாற்றமில்லை. ஒரு தடவை ஊசி போடுவதும் பத்து நாள் ஊறி இருப்பதும் ஒன்றல்ல என்று சமாதானம் சொல்லலாம்.

இனி அந்தச் சோதனை. மாதவிலக்குக்கு முன்னால் கடுமையான எரிச்சல், அழுகை, மனச்சோர்வு என்று வாழ்க்கையே தடம்புரளும் நிலையை பிஎம்டிடி என்கிறார்கள். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது. 1998-இல் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழு, மாதவிலக்குக்கு முன்னால் இப்படிக் கஷ்டப்படும் பெண்களுக்குச் சினைப்பையையே தற்காலிகமாக உறங்க வைக்கும் ஊசியைப் போட்டது. ஹார்மோன்கள் தரைக்கு வந்தன, பலருக்கு அறிகுறிகள் விலகின. அப்புறம் வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்டிரோனையோ சாதாரண அளவில் திரும்பக் கொடுத்தார்கள். அறிகுறிகள் திரும்பி வந்தன. அந்தத் தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் இதையே அச்சாகச் செய்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே ஹார்மோன், அதே அளவு, மூளை மட்டும் வேறு. 2017-இல் ஷ்மிட் இன்னொரு படி போனார். ஹார்மோனைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கிய முதல் மாதத்தில்தான் தொந்தரவு வந்தது, அதே அளவை மாறாமல் தொடர்ந்து கொடுத்ததும் அடங்கிவிட்டது. அளவு அல்ல, மாற்றம்தான் தீக்குச்சி.

இதனால்தான் டெஸ்ட் வேண்டாம் என்கிறேன். இருபத்தைந்தாம் நாளில் ரத்தம் எடுத்தால் லேப் ஒரு எண்ணைத் தரும், அது 'நார்மல்' என்ற கட்டத்துக்குள் இருக்கும், வீட்டில் 'பார், ஒன்றுமில்லை' என்பார்கள். உங்கள் மூளை அந்த எண்ணை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது.

பிஎம்டிடி உள்ளவர்களைத் துள்ளல் நாற்காலியில் உட்கார வைத்தபோது என்ன தெரிந்தது? ஸ்வீடனின் கஸ்க், சுந்த்ஸ்ட்ரோம் பொரோமா குழு 2008-இல் கண்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்களின் துள்ளல் மாதம் முழுவதுமே, தொந்தரவு இல்லாத முற்பாதியிலும், மற்றவர்களைவிட அதிகம். ஆனால் முன்னொலித் தணிப்பு மட்டும் மாதக் கடைசியில்தான் குறைந்தது. துள்ளும் பாதையும் அதைத் தணிக்கும் வடிகட்டியும் வேறு வேறு என்று மேலே பார்த்தோமே, இதோ ஒரே உடம்பில் இரண்டும் இரண்டு நாள்காட்டியைப் பார்த்து நடக்கின்றன. மூன்று வருஷம் கழித்து அதே வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வு, ஏதோ விரும்பத்தகாதது வரப்போகிறது என்று காத்திருக்கும்போது அவர்களின் துள்ளல் மாதக் கடைசியில் கூடுதலாக ஏறுகிறது என்றது. குக்கர் முன்னால் எண்ணிக்கொண்டு நிற்பதை நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

உங்களுக்கு பிஎம்டிடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன விவரத்தில் சத்தம் மட்டும்தான் இருக்கிறது. இதெல்லாம் ஒரே கோட்டின் வெவ்வேறு புள்ளிகள் என்பதற்காகச் சொன்னேன்.

அச்சத்தோடு ஈஸ்ட்ரோஜனுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவில் கடும் வன்முறை, விபத்து போன்றவற்றைக் கடந்து வந்த பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருந்தவர்களுக்கு, 'இனி ஆபத்தில்லை' என்று கற்றுக்கொடுத்த பிறகும் துள்ளல் எளிதில் அடங்கவில்லை. 2011-இல் கெர்ரி ரெஸ்லர் குழு, ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தில் ஒரு மரபணு வேறுபாடு இருந்த பெண்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயும் துள்ளலும் தொடர்புபட்டிருப்பதைக் கண்டது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பழைய காயம் ஏதாவது உள்ளவர்களுக்கு மாதத்தின் சில நாட்கள் கூடுதல் கனமாக இருப்பதில் வியப்பில்லை.

இதுவரை எல்லாம் மூளை. காது மட்டும் அப்படியே இருக்கிறதா? இங்கே எனக்குப் பிடித்த ஒரு மீனைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் மிட்ஷிப்மேன் என்று ஒரு மீன் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் பாறைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு காற்றுப்பையை அதிரவைத்து இரவெல்லாம் ரீங்காரம் போடும். கலிபோர்னியாவில் படகு வீடுகளில் இருந்தவர்கள் தூங்க முடியாமல், இது என்ன சத்தம், மோட்டாரா என்று புகார் செய்யும் அளவுக்குப் போடும். இந்த ரீங்காரத்தில் அடிச்சுருதி சுமார் 100 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே அதன் மடங்குகள். பெண் மீனுக்குச் சாதாரணக் காலத்தில் அந்த மேல் மடங்குகள் சரியாகக் கேட்காது. முட்டையிடும் பருவம் வந்ததும் கேட்கத் தொடங்கும். ஜோசப் சிஸ்னெரோஸ், ஆண்ட்ரூ பாஸ் குழு 2004-இல், பருவம் வராத பெண் மீன்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்தது. சில வாரத்தில் அவற்றின் காது பருவப் பெண்ணின் காதாக மாறியது. மூளை அல்ல, காதின் உணர்வு நரம்பே! மனிதக் காதிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன, காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செய்தி போகும் நேரம் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் குறைவு என்பதும் பழைய செய்தி. மீனுக்கு நடப்பது அப்படியே உங்களுக்கும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பது என்பது வருஷம் முழுதும் மாறாமல் இருக்கும் மைக்ரோஃபோன் வேலை இல்லை என்று எண்ணிப் பார்க்க இந்த மீன் உதவும்.

அடுத்து, உங்கள் ஃபேன். ஓடிக்கொண்டே இருக்கும் சத்தத்தைக் காது 'விட்டுவிடுவது' பழகிப்போதல், அது முன்னொலித் தணிப்பு அல்ல. இதையும் ஆய்வகத்தில் வேறு விதமாகத்தான் பார்க்கிறார்கள். முன்னொலித் தணிப்பின் எண்ணை வைத்துக்கொண்டு, இவருக்கு ஃபேன் சத்தம் எரிச்சல் தருமா தராதா என்று யாரும் சொல்ல முடியாது. 'ஹார்மோனால் மூளையின் ஃபில்டர் பழுது' என்று பரபரப்பாக எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். இன்னொன்று: சுழற்சி ஆய்வுகளில் பார்த்த மாற்றம் சராசரிகளில் தெரியும் மிதமான மாற்றம்தான். ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒரே பெண்ணின் இரண்டு வாரங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. புகைப்பவருக்கு நிகோடின் இந்தத் தணிப்பைக் கூட்டுகிறது என்பதால், பல ஆய்வுகள் புகைப்பவர்களைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது நீங்கள் என்ன செய்யலாம்.

இரண்டு சுழற்சிக்கு ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதுங்கள். பீரியட்ஸ் தொடங்கிய நாள், அன்றைய தூக்கம் எத்தனை மணி நேரம், காபி எத்தனை தம்ளர், சத்தம் எவ்வளவு தொந்தரவு செய்தது என்று ஒன்று முதல் ஆறுக்குள் ஒரு எண். பின்னோக்கி யோசித்து எழுதாதீர்கள், அன்றன்றைக்கே எழுதுங்கள். 'எனக்கு எப்போதும் அந்த வாரம்தான்' என்று உறுதியாகச் சொல்பவர்களில் பலருக்கு நோட்டைப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை, இதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். பிஎம்டிடி என்று மருத்துவர் முடிவுசெய்வதற்கும் இந்த இரண்டு மாதக் குறிப்புதான் ஆதாரம், எந்த ஸ்கேனும் இல்லை.

தூக்கத்தைத் தனியாகப் பாருங்கள். கடைசி வாரத்தில் பலருக்குத் தூக்கம் கலைகிறது, தூக்கம் கெட்டால் எவருக்கும் சத்தம் தாங்காது. உங்கள் நோட்டில் துள்ளல் எண் தூக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மாதம் முழுவதும் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு என்று இருந்தால் அது வேறு கதை, தைராய்டு பார்க்க வேண்டும். அந்த டெஸ்டுக்குப் பணம் கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு காதில் மட்டும் இரைச்சலோ வலியோ இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

நோட்டில் சத்தத்தோடு அழுகை, கோபம், 'எதற்கு வாழ வேண்டும்' என்ற எண்ணம் எல்லாம் அந்த வாரத்தில் வந்து போவது தெரிந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ பாருங்கள். செரட்டோனினைக் கூட்டும் சாதாரண மனச்சோர்வு மாத்திரைகள் இதற்கு நன்றாக வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்கு அவை பலன் தர வாரக்கணக்கில் ஆகும். இதற்குச் சில நாளிலேயே பிடிக்கும் என்பதால் பிற்பாதியில் மட்டும் சாப்பிடும் முறையும் உண்டு. ஏன் இவ்வளவு வேகம் என்றால், அவை அலோபிரெக்னனலோனையும் தொடுகின்றன என்பது ஒரு விளக்கம். அந்தச் சாது மூலக்கூறையே மருந்தாக்கி, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 60 மணி நேரம் நரம்பில் ஏற்றும் சிகிச்சையாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். பிள்ளை பிறந்ததும் மலையிலிருந்து விழும் ஹார்மோனுக்குப் படிக்கட்டு கட்டிக்கொடுக்கும் யோசனை அது.

குக்கரைப் பொறுத்தவரை, கடைசி வாரத்தில் விசிலை எண்ணும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். 'எல்லாம் உன் மனசுதான்' என்று சொன்னவராகவே அவர் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் உட்காருங்கள்.